சம்பளப் பட்டியலில் பெயர் சேர்ப்பது வேலை கொடுத்ததாகுமா?

(கமக்காரரும் பட்டதாரிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



வேலையற்றோருக்கு வேலை தேடித் தருவதாகக் கூறி அரசாங்கங்கள் காலத்துக்குக் காலம் கொண்டுவந்த திட்டங்களைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம். இனிய பொருளன்று இது. ஆயினும் இக்கூட்டத்தில் அமர்ந்திருப்போரில் இப்பொருளால் தொடப்படாத குடும்பம் ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே. மகன் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள். இன்னும் நியமனக் கடிதம் வரவில்லை. மகள் உயர்தரத்தில் மூன்று பாடங்கள் சித்தியெய்தியவள், வீட்டில் இருக்கின்றாள். தந்தையோ வெங்காயத் தோட்டத்தில் விடியுமுன் தண்ணீர் இறைத்து, அந்த வருவாயில் இருவரையும் படிப்பித்தவர். எந்த ஊரிலும் நாம் காணும் காட்சி இதுதான்.

2017ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பட்டதாரிகள் வீதியோரத்திற் கொட்டகை இட்டு மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெயிலில் இருந்தார்கள், மழையில் இருந்தார்கள். அவர்கள் கேட்டது அரசாங்க உத்தியோகம். அவர்களுட் பலருக்குப் பின்னர் அது கிடைத்தும் இருக்கலாம். ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. ஒரு திட்டம் முடிந்து, கொடுப்பனவு நின்ற மறுநாள், அந்த இளைஞனுடைய கையில் எஞ்சியிருப்பது என்ன? கற்ற தொழிலா, உழுத நிலமா, விற்கக்கூடிய திறமையா? அன்றி, அடுத்த விண்ணப்பப் படிவம் மட்டுமா? இந்த ஓர் உரைகல்லில் உரைத்துப் பார்த்தாற் பல திட்டங்களின் நிறம் வெளிப்பட்டுவிடும்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது எம் முதியோர் சொல். இதைச் சொல்லி எம்மவரை நையாண்டி செய்வோர் பலர். சோம்பலினாற் பிறந்த சொல் என்று அவர்கள் நினைக்கின்றனர். அது தவறு. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத நாடு எம் குடாநாடு. சுண்ணக்கல்லுக்குக் கீழே கிடக்கும் நீரைத் துலா மிதித்து இறைத்துப் புகையிலையும் மிளகாயும் செய்தவர் எம் பாட்டனார். காணி பிள்ளைகளுக்குப் பங்கிடப் பங்கிடப் பரப்புக் கணக்காய்ச் சிறுத்தது. அவ்வேளையில் மிஷன் பாடசாலைகளும் அவற்றுக்குப் போட்டியாக எழுந்த சைவப் பாடசாலைகளும் ஆங்கிலத்தைக் கற்பித்தன. கற்றவர் கொழும்புக்கு எழுதுவினைஞராகச் சென்றனர். மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் சென்றனர். அங்கிருந்து வந்த மணியோடரிலேதான் இங்கே கிணறு வெட்டப்பட்டது, கல்வீடு எழுந்தது, தங்கைக்குச் சீதனம் கொடுபட்டது. காணி தராததை உத்தியோகம் தந்தது. ஆகவே அச்சொல் சோம்பேறியின் சொல்லன்று. கணக்குத் தெரிந்த குடும்பத் தலைவனின் சொல்.

அக்கணக்கு 1956ஆம் ஆண்டிலே பிழைத்தது. சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும், சேவையில் இருந்த தமிழர் சிங்களம் கற்றுத் தேறினாலன்றிச் சம்பள உயர்வில்லை என்ற நிலை ஏற்பட்டது. மானம் பெரிதென்று ஓய்வு பெற்றுத் திரும்பியவர்களும் உண்டு. புதிதாகச் சேர விரும்பியவனுக்கு வாசலே அடைபட்டது. மறுபுறத்தில் 1945ஆம் ஆண்டில் வந்த இலவசக் கல்வியின் பயனாக, முன்னெப்போதும் பாடசாலையைக் காணாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் படித்து வெளியேறிக்கொண்டிருந்தனர். படித்தோர் தொகை பெருகியது. படித்தோர் புகும் வாசல் சுருங்கியது. சிங்கள இளைஞருக்கு மொழியால் வாசல் திறந்ததெனினும், அவ்வாசலும் எல்லோரையும் கொள்ளத்தக்க அகலம் உடையதாக இருக்கவில்லை.

அதன் விளைவை 1971 ஏப்ரலில் நாடு கண்டது. தென்னிலங்கையின் கிராமங்களிலிருந்து படித்த சிங்கள இளைஞர்கள் ஆயுதம் தூக்கினர். ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். அவர்களுடைய அரசியல் எமக்கு உடன்பாடானதன்று. ஆனால் அவர்களைப் பிடித்த நோய் எம் பிள்ளைகளையும் பிடித்த நோயே. அதே ஆண்டில் சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் தூதுக்குழுவொன்று டட்லி சீயர்ஸ் என்னும் பொருளியலறிஞரின் தலைமையில் இங்கு வந்து ஆராய்ந்தது. அப்போது நாட்டில் ஏறத்தாழ 5½ இலட்சம் பேர் வேலையற்றிருந்தனர். அக்குழுவின் அறிக்கையில் எண்ணிக்கையை விட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. வேலை போதாது என்பது உண்மைதான். அத்துடன் கல்வி வளர்த்த எதிர்பார்ப்பும் நாட்டில் உள்ள வேலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்றது அது. மேசையடியில் இருப்பவனுக்கும் வயலில் நிற்பவனுக்கும் இடையில் ஊதியத்திலும் மதிப்பிலும் ஓய்வூதியத்திலும் இவ்வளவு பெரிய இடைவெளியை வைத்துக்கொண்டு, "இளைஞனே, வயலுக்குப் போ" என்று உபதேசிப்பதிற் பயன் என்ன? அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அக்கேள்விக்கு எந்த அரசாங்கமும் நேரான விடை சொல்லவில்லை.

அன்றைய அரசாங்கம் சும்மா இருந்தது என்று நாம் கூறவில்லை. தொழில் பழகுநர் சட்டம் 1971இல் வந்தது. பிரதேச அபிவிருத்திச் சபைகள் என்ற பெயரிற் கிராமந்தோறும் சிறு தொழில்களைத் தொடங்கும் முயற்சியும் அக்காலத்ததே. ஆயின் அவ்வரசாங்கமே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தித் தமிழ் மாணவரின் முன் மற்றொரு கதவைச் சாத்தியது. ஒரு கையால் வேலைத்திட்டம், மறு கையாற் கல்விக்குத் தடை! அந்த மாணவரிற் பலர் பின்னர் எவ்வழி சென்றனர் என்பதை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

கமக்காரப் பெருமக்களே! இனி நாம் சொல்லப்போவது உங்கள் அநுபவத்தில் உள்ள செய்தி. வன்னியிலே விசுவமடு, முத்தையன்கட்டு என்ற பெயர்களைக் கேட்டதும் உங்களில் மூத்தவர்களுக்குச் செத்தல் மிளகாயின் மணம் மூக்கில் ஏறும். 1960களின் நடுப்பகுதி தொடக்கம் அங்கே படித்த வாலிபர் திட்டங்கள் நடைபெற்றன. படித்து வேலையற்றிருந்த இளைஞருக்குக் காட்டை வெட்டித் திருத்தி ஆளுக்குச் சில ஏக்கர் காணி, அருகே குளத்து நீர், தொடக்கச் செலவுக்கு உதவி, பயிர் பற்றிச் சொல்லிக்கொடுக்க உத்தியோகத்தர் என்று ஒருங்கே கொடுத்தனர். படித்த மகளிர் திட்டம் என்று பெண்களுக்கும் குடியேற்றம் அமைந்தது. அப்பெயர் இன்றும் ஊர்ப்பெயராய் வழங்குகின்றது.

தொடக்கத்தில் ஊர் சிரித்தது. கால்சட்டை அணிந்தவன் கலப்பை பிடிப்பானோ என்றது. 1970ஆம் ஆண்டுக்குப் பின், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியதும், சிரித்த ஊர் வாயடைத்து நின்றது. எழுதுவினைஞன் ஓராண்டிற் காணாத பணத்தை ஒரு போக மிளகாயிற் கண்டவர் உண்டு. நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினர். உழவு இயந்திரம் வாங்கினர். உத்தியோகத்தருக்கு மட்டுமே பெண் கொடுப்போம் என்றிருந்த வீடுகள் தோட்டக்கார மாப்பிள்ளையைத் தேடி வன்னிக்கு ஆளனுப்பின. எமது சமூகத்தின் மனம் மாறாது, அது உத்தியோக மோகத்திலேயே ஊறிக் கிடக்கின்றது என்று வாதிடுவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விலை கிடைத்தபோது மனம் தானாகவே மாறியது. யாரும் மேடையேறி அறிவுரை கூற வேண்டியிருக்கவில்லை.

அத்திட்டத்தில் குறையில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். விலையேற்றம் அந்த இளைஞரை எண்ணிச் செய்யப்பட்டதன்று; கருவூலம் வெறுமையாய்க் கிடந்ததனால் வந்தது. அதே ஆண்டுகளிற் பாணுக்கு வரிசையில் நின்ற ஏழைகளும் இந்நாட்டினரே. இன்னுமொன்று. அத்தோட்டங்களிற் களை பிடுங்கிய கைகளும் மிளகாய் ஆய்ந்த கைகளும் பலவிடத்து மலையகத்திலிருந்து வந்த எம் உடன்பிறப்புக்களுடையவை. பஞ்சத்தாலும் பின்னர் 1977இன் கலவரத்தாலும் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள் அவர்கள். "படித்த" என்ற ஒரு சொல் அவர்களைக் காணிக்காரர் ஆக்காது கூலிக்காரராக நிறுத்திவிட்டது. இதை எடுத்துச் சொல்லுவார் அன்று எம்மிடையே குறைவு.

1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது. பொருளாதாரம் திறந்து விடப்பட்டது. இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் சந்தையிற் குவிந்தன. காணி இருந்தது, குளம் இருந்தது, உழைக்கும் இளைஞனும் இருந்தான். விலை மட்டும் போயிற்று. கடன்பட்டு இயந்திரம் வாங்கியவன் அதை விற்றுக் கடனைக் கட்டினான். பின்னர் வந்த போர் எஞ்சியதையும் தின்றது. கடையடைப்பையும் இடப்பெயர்வையும் நாம் மறக்கவில்லை. ஆனால் போருக்கு முன்னரே, ஷெல் ஒன்றும் விழாமலே, கொழும்பில் எழுதப்பட்ட ஒரு கட்டளையினால் ஒரு வேலைத்திட்டம் சரிந்தது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்புக்கு ஓர் அமைச்சு, வர்த்தகத்துக்கு வேறோர் அமைச்சு. முன்னவர் கொடுத்த வேலையைப் பின்னவர் ஒரு கையெழுத்தாற் பறித்துவிடலாம். அந்த இளைஞன் யாரிடம் முறையிடுவான்?

திறந்த பொருளாதாரத்தோடு வந்த மற்றொரு சரக்குத் தொழில் வங்கி. பெயர் அழகானது. வேலை வேண்டுவோர் தம் பெயரைப் பதிந்து வைக்க, வெற்றிடம் வரும்போது தகுதியானவர் தெரிந்தெடுக்கப்படுவர் என்று எண்ணத் தோன்றும். நடந்தது என்ன? விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர் கையிற் கொடுக்கப்பட்டு அவர் மூலமாகவே மக்களுக்கு வழங்கப்பட்டன. படிவம் வேண்டுவோன் அரசியல்வாதியின் வாசலில் நிற்க வேண்டும். அங்கே பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்பார் இல்லை. சென்ற தேர்தலில் உன் தந்தை எப்பக்கம் நின்றார் என்பதே கேள்வி. இதற்கு முன்னோடியாக 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, நியமனம் செய்யும் அதிகாரத்தைச் சுதந்திரமான ஆணைக்குழுவிடமிருந்து எடுத்து அமைச்சரவையிடம் கொடுத்திருந்தது. அதன் பின் கதையைக் கேளுங்கள். 2001இல் 17ஆம் திருத்தம் ஆணைக்குழுவுக்கு வலுவூட்டியது. 2010இல் 18ஆம் திருத்தம் அதைத் தளர்த்தியது. 2015இல் 19ஆம் திருத்தம் மீட்டது. 2020இல் 20ஆம் திருத்தம் மீண்டும் தளர்த்தியது. 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி மீட்டது. ஊஞ்சலும் இவ்வளவு ஆடாது.

தென்னிலங்கையில் 1987 முதல் 1989 வரை இரண்டாம் முறையும் இரத்தம் ஓடிய பின், அரசாங்கமே நியமித்த இளைஞர் விவகார ஆணைக்குழு 1990இல் தன் அறிக்கையைத் தந்தது. இளைஞரின் மனக்கொதிப்புக்கு வறுமையை மட்டும் அது காரணம் காட்டவில்லை. நியமனங்களில் அரசியல் புகுந்ததும், நீதி மறுக்கப்பட்டது என்ற உணர்வும் ஆழமாக வேரூன்றியிருந்தன என்று எடுத்துக் கூறிற்று. எம் பிள்ளைகளுக்கோ இவற்றின் மேல் மொழியும் இனமும் என்னும் இரு பூட்டுக்கள். தகுதி இருந்தும் கடிதம் இல்லாததால் வேலை இழந்தவன், வேலையே இல்லாத நாட்டில் வேலை இழந்தவனை விட வெகுண்டு நிற்பான். இதில் வியப்பென்ன இருக்கின்றது?

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2012இலும் அதன் பின்னரும் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கிற் பயிலுநராகச் சேர்க்கும் திட்டங்கள் வந்தன. 2020இல் வந்தது அவற்றுட் பெரியது. 50,000 பட்டதாரிகள், மாதம் 20,000 ரூபாய், ஓராண்டுப் பயிற்சி, பின்னர் அரச சேவை என்று கூறப்பட்டது. அது தேர்தல் ஆண்டு. மார்ச் மாதத்தில் தேர்தல் நெருங்கியதும் தேர்தல் ஆணைக்குழு அந்நியமனங்களை நிறுத்தி வைத்தது. ஆகஸ்ட் தேர்தல் முடிந்த பின்னரே அவை தொடர்ந்தன. வேலைக்கும் வாக்குக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக யார் விளக்கக்கூடும்?

வேலை பெற்றோரை நாம் குறை கூறவில்லை. பசித்தவன் கிடைத்த சோற்றை உண்ணாது விடுவானா? ஆனால் அவர்கள் சென்று அமர்ந்த இடத்தைப் பாருங்கள். பிரதேச செயலகமொன்றில் ஏற்கனவே இரண்டு பேர் செய்த வேலைக்கு ஐந்தாவது ஆளாய், மேசையும் இன்றி, ஒரு கதிரையின் விளிம்பில் உட்கார்ந்து, வரவுப் பதிவேட்டிற் கையொப்பமிட்டு மாலையில் வீடு திரும்பிய பட்டதாரிகள் எத்தனை பேர்! விஞ்ஞானம் படித்தவன் கடிதங்களுக்கு இலக்கமிட்டான். விவசாயம் படித்தவள் கூட்டக் குறிப்பெழுதினாள். ஓராண்டுப் பயிற்சி என்றார்கள்; எதிலே பயிற்சி என்று கேட்டால் விடை சொல்லுவார் இல்லை. நாம் முதலிற் சொன்ன உரைகல்லில் இதை உரைத்துப் பாருங்கள்.

பின்பு 2022 வந்தது. கருவூலம் வற்றியது. அதே அரச ஊழியரை நோக்கி, வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் வரவேண்டாம், வீட்டில் நின்று பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே கூறியது. வெளிநாட்டில் வேலை செய்ய விரும்பினாற் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டுகள் வரை போகலாம் என்றும் கூறியது. பயிர் செய்யத் தெரிந்த தந்தையின் மகனைப் படிப்பித்து, அலுவலகத்தில் அமர்த்தி, அங்கே வேலை கொடாது வைத்திருந்து, ஈற்றில் "போய்ப் பயிர் செய்" என்று திருப்பி அனுப்புவதற்கு ஒரு நாடு இவ்வளவு செலவு செய்ய வேண்டுமோ? அதுவும் உரமும் எரிபொருளும் இல்லாத ஆண்டிலே!

நாம் எல்லாவற்றையும் பழிப்பவர் அல்லர். பேசப்படாது கிடக்கும் நல்ல ஏற்பாடுகளும் உள. 1990ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ், முந்தைய பழகுநர் சபையின் இடத்தில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை எழுந்தது. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபை உருவாயிற்று. பயிலுநர் முறையின் செயற்பாடு எளிது: இளைஞன் ஒரு பட்டறையிலோ தொழிற்சாலையிலோ உண்மையான வேலையில் நின்று பழகுகின்றான், காலமுடிவிற் சோதிக்கப்பட்டுத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறுகின்றான். அச்சான்றிதழ் 7 மட்டங்களைக் கொண்டது. கீழ்மட்டத்தில் நுழைந்தவன் படிப்படியாகப் பட்டத்துக்கு ஒப்பான மட்டம் வரை ஏறலாம்.

பலர் அறியாத செய்தி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டு மேசன் வேலை செய்தவர், மின்னிணைப்பு வேலை செய்தவர், உழவு இயந்திரம் திருத்துபவர் ஆகியோர் மீண்டும் வகுப்பிற் போய் இருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய கைத்திறனை நேரிற் பார்த்து மதிப்பிட்டு அதே சான்றிதழை வழங்கும் ஏற்பாடு அம்முறையிலேயே உண்டு. கடதாசி இல்லாததாற் குறைந்த கூலிக்கு உழைக்கும் எம்மூர்த் தொழிலாளர் எத்தனை ஆயிரம் பேர்! வெளிநாடு செல்வோர் அச்சான்றிதழோடு சென்றால் அங்கே கூலிக்காரராகவன்றித் தொழிலறிந்தவராக மதிக்கப்படுவர். இவ்வுண்மையை ஊருக்குச் சொல்லுவது படித்தவர்களுடைய கடமை. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் அவர்களுடைய கடமையே.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016இல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. 1959இல் தொடங்கிய, மொறட்டுவையில் இயங்கும் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தின் பெயரை நீங்கள் அறிவீர்கள். அங்கு பயின்ற பொறித்திருத்துநருக்கு நாட்டில் உள்ள மதிப்பையும் அறிவீர்கள். வன்னியிலும் அத்தகைய வாய்ப்பு வந்தது நன்மையே. ஆயினும் எம் வீடுகளில் நடப்பதென்ன? பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கப்படுவோர் நாடு முழுவதிலும் நாற்பதினாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே. உயர்தரப் பரீட்சை எழுதுவோரோ இரண்டு இலட்சத்துக்கும் மேல். எஞ்சியவன் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பரீட்சை எழுதி, தனியார் வகுப்புக்குப் பணம் கட்டி, இருபத்துமூன்று வயதில் மனம் சோர்ந்த பின்னரே தொழிற்பயிற்சி என்ற சொல் அவ்வீட்டில் ஒலிக்கின்றது. அதுவும் தோற்றவனுக்கு விதித்த தண்டனை போல. 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வி என்று 2017இல் தொடங்கிய முறை, பாடசாலைக்குள்ளேயே தொழிற்பாடங்களைக் கொண்டுவந்தது. அதை "ஏலாத பிள்ளைகளின் வகுப்பு" என்று பெயரிட்டது அரசாங்கமன்று, நாமேதான் பெயரிட்டோம்.

மறுபுறத்தில் ஆட்சியாளர் குறையும் பெரிது. பழகுநன் பழகப் பட்டறை வேண்டாமா? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது நின்றதுதான். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை பாழாய்க் கிடந்தது. வாழைச்சேனைக் காகித ஆலையின் இயந்திரங்கள் பல ஆண்டுகள் ஓசையற்றிருந்தன. ஒரு தலைமுறைக்குத் தொழிற்பள்ளியாய் விளங்கிய இவ்வாலைகள் போன பின், பயிற்சி பெறுவோன் சான்றிதழை எடுத்துக்கொண்டு கொழும்புக்கோ கட்டாருக்கோ செல்வதைத் தவிர வேறு வழி என்ன? பெண்களின் நிலை இன்னும் கடினம். படித்த பெண்களிடையே வேலையின்மை ஆண்களிடையே உள்ளதை விட அதிகம் என்பது நாட்டின் தொழிற்படைக் கணக்கெடுப்புக்களில் மீண்டும் மீண்டும் வரும் முடிவு. பயிற்சி நிலையத்துக்கு மாலையில் ஓடும் பஸ் ஒன்றில்லாத கிராமத்துப் பெண்ணுக்குச் சமவாய்ப்புப் பற்றிப் பிரசங்கம் செய்வது கேலியாகும்.

மாணவர் படிக்கும்போதே தொழிலோடு உறவு கொள்ளும் வழி உண்டா என்று சிலர் கேட்டனர். உண்டு. அமெரிக்காவிலே 1930களில் பெரும் மந்தம் ஏற்பட்டு இளைஞர் திரள்திரளாய் வேலையற்றுத் திரிந்தபோது, ரூஸ்வெல்ற் ஆட்சி இரண்டு ஏற்பாடுகள் செய்தது. ஒன்று, 1933 முதல் 1942 வரை நடந்த இளைஞர் வனப்பாதுகாப்புப் படை. ஏறத்தாழ 30 இலட்சம் இளைஞர் அதிற் சேர்ந்து காடு வளர்த்தனர், மண்ணரிப்பைத் தடுத்தனர். முந்நூறு கோடி மரம் நட்டனர் என்பர். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேரே பெற்றோருக்குச் சென்றது. மற்றது 1935இல் தொடங்கிய தேசிய இளைஞர் நிருவாகம். இது வறிய மாணவனைப் படிப்பை விட்டு விலகாது தடுக்கும் பொருட்டு, அவன் கற்கும் கல்லூரியிலேயே நூலகத்திலும் ஆய்வுகூடத்திலும் வேலை கொடுத்து ஊதியம் வழங்கியது. பட்டப்படிப்பு மாணவருக்கு மாதம் 15 டாலர் அளவு. பின்னாளிற் பெரும் நாடகாசிரியரான ஆதர் மில்லர், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட எலிகளுக்குத் தீனி போட்டு அந்த 15 டாலரைப் பெற்றவரே. அந்நாட்டிலும் நிறபேதம் இருந்தது. வனப்படையின் முகாம்களிற் கறுப்பரை வேறாக வைத்தனர். எனினும் இளைஞர் நிருவாகத்திற் கறுப்பர் நலப் பிரிவைக் கறுப்பினப் பெண்மணியான மேரி மக்லியொட் பெத்தூனிடமே ஒப்படைத்தனர். ஒடுக்கப்பட்டோருக்கான பங்கை அவர்களில் ஒருவரே மேற்பார்வை செய்யும் ஏற்பாட்டை எம் ஆட்சியாளரும் கவனித்தல் நன்று.

எமது மாணவருக்கு 1981இன் சட்டத்தால் அமைந்த மகாபொலப் புலமைப்பரிசில் உண்டு. அது உதவிப்பணம், வேலையன்று. அதனோடு ஒரு வேலையையும் சேர்க்க முடியாதா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் கிளிநொச்சியில் உள்ளன. குடாநாட்டுக் கிணறுகள் உவர் ஏறிக்கொண்டிருக்கின்றன. பசளையின் நைத்திரேற்று நீரிற் கலந்துகொண்டிருக்கின்றது. எந்தக் கிணற்றில் எவ்வளவு உப்பு, எந்தக் குறிச்சியில் எவ்வளவு இறைப்பு என்று ஆண்டுதோறும் அளந்து பதிய ஆள் வேண்டும். அம்மாணவருக்கு ஊதியம் கொடுத்து அவ்வேலையைச் செய்விக்கலாம். மாணவனுக்குத் தொழிலறிவு, கமக்காரனுக்குத் தன் கிணற்றின் கணக்கு, அரசாங்கத்துக்கு வேறெங்கும் கிடையாத ஏடு. கதிரையின் விளிம்பிற் பட்டதாரியை உட்கார வைப்பதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும்.

கமக்காரர் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. இனிமேல் இளைஞருக்கு விவசாயத் திட்டம் என்று எவர் வந்தாலும், காணி எவ்வளவு என்று மட்டும் கேளாதீர்கள். அறுவடைக் காலத்தில் அப்பயிரின் இறக்குமதியை என்ன செய்யப் போகின்றீர்கள் என்று கேளுங்கள். அவ்விடையை எழுத்தில் வாங்குங்கள். விசுவமடுவில் நாம் கொடுத்த விலைக்கு இவ்வளவேனும் கற்றிருக்க வேண்டும். காணி கொடுக்கும்போது கூலிக்கு உழைத்த குடும்பங்களின் பெயர் பட்டியலில் உண்டா என்றும் கேளுங்கள்.

இக்கூட்டத்தின் ஏற்பாட்டாளருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிராமத்திலும் பட்டம் பெற்றும் உயர்தரம் சித்தியெய்தியும் வேலையற்றிருப்போர், தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதோர், பயிலுநரை ஏற்கக்கூடிய பட்டறைகள் ஆகிய விபரங்களை எங்கள் ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற உத்தியோகத்தரும் வீடு வீடாகச் சென்று திரட்டட்டும். பெண்களின் கணக்கு வேறாக எழுதப்படட்டும். திரட்டிய ஏட்டை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைத்து, பயிலுநர் இடங்கள் எந்தப் பிரதேசத்துக்கு எத்தனை, அவை எந்தப் பரீட்சையின் மூலம் நிரப்பப்படும், தமிழில் அப்பரீட்சை எப்போது நடைபெறும் என்று கேட்போம். நாம் எம் பகுதியில் அவ்வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடங்குகின்றோம். எழுதத் தெரிந்த இளைஞர் கொப்பியும் பேனையும் கொண்டு காலை எட்டு மணிக்கு வாசிகசாலைக்கு வாருங்கள்.